மாமா அடித்த முப்பத்தொன்றாவது பாம்பு

கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். அதை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி ஐந்து நிமிடம். பத்து இருபத்தைந்து வரை அதைத் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது, யாரையும் அசைக்க விடவும் கூடாது. இருபது நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்து குழாயோடு ஒட்டி நின்றால் நிம்மதி. தண்ணீர் போல வழிந்தால், விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பாம்புக்கடிக்கு நாங்கள் செய்கிற முதல் சோதனை இது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடப் பொறுமையும் போதும். குழாய் எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் இருக்கும். பொறுமையைத்தான் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கிவரச் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தத் தொடரில் இதுவரை ஊரார் ரத்தத்தைப் பற்றியே எழுதிவந்தேன். அன்றைக்குக் குழாயில் இருந்தது என் தாய்மாமனுடையது.

மூன்று கட்சிகள்

மாமாவின் பெயர் மாதையன். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விவசாயம். வீட்டுக்குப் பின்னால் தக்காளி கிரேட்டுகள், அதாவது மண்டிக்குப் போகும் நீல நிற பிளாஸ்டிக் பெட்டிகள், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அழுகல் தக்காளிக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். பாம்புக்கு மாமா வருவார். பள்ளிப் புத்தகத்தில் உணவுச் சங்கிலியின் உச்சியில் கழுகு இருந்தது. எங்கள் ஊரில் மூங்கில் கழியோடு மாமா இருந்தார்.

அதுவரை முப்பது பாம்பு அடித்திருந்தார். அவருடைய சட்டம் எழுதப்படாதது, ஆனால் தெளிவானது:

1. நல்ல பாம்பு: தெய்வம். அடிக்கக் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுப் போகச் சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்லியும் போகாவிட்டால் அது தெய்வம் இல்லை.

2. கண்ணாடி விரியன்: அடிக்க வேண்டும்.

3. கட்டுவிரியன்: அடிக்க வேண்டும். கட்டுவிரியனைப் போல இருக்கும் எதையும் அடிக்க வேண்டும்.

4. சாரை: ஒன்றும் செய்யாது. அடிக்கலாம்.

5. பச்சைப் பாம்பு: கண்ணைக் கொத்தும் என்று கேள்வி. கேள்வி போதும்.

எது எந்தப் பாம்பு என்று பார்ப்பது அடித்த பிறகு நடக்கிற வேலை. தலை நசுங்கியிருக்கும்; கூட்டம் கூடியிருக்கும்; கையில் கழி வைத்திருப்பவர் சொல்வதே முடிவு. அந்த முப்பதில் எத்தனை உண்மையில் விஷப்பாம்பு என்று ஒரு முறை கேட்டேன். "அடிச்ச பொறவு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

எதிர்க்கட்சி பழனியம்மா அத்தை, அவருடைய மனைவி. அத்தைக்குப் பாம்பின் மேல் பாசம் கிடையாது. எலியின் மேல்தான் கோபம். ஒரு கோடையில் மாமா ஒரே வாரத்தில் இரண்டு சாரைகளை அடித்தார். அடுத்த மாதம் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்களை எலிகள் முறுக்கு மாதிரி கடித்து வைத்திருந்தன. தண்ணீர் செடிக்குப் போகாமல் வரப்புக்குப் போனது.

"அந்த சார ரெண்டும் இருந்திருந்தா இந்த பைப்பு இருந்திருக்குங்க" என்றார் அத்தை.

"உனுக்கு பைப்பு வேணுமா, புருசன் வேணுமா?"

"பைப்பு இல்லாட்டி தோட்டம் காயும். அதுக்கு மேல என் வாயக் கிளறாதீங்க."

அத்தையின் கொள்கை எளிமையானது. பாம்பு இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிரேட்டை எடுப்பதற்கு முன்னாலும் ஒரு குச்சியால் இரண்டு தட்டு. சற்று நின்று, பிறகுதான் கை. பாம்பைப் பார்த்தாலும் விலகிப் போவார். "அதுக்கும் வேல இருக்கும்" என்பார்.

மூன்றாவது கட்சி நான் ஒருத்தி மட்டும். ஆய்வக நுட்பப் படிப்பு முடித்து, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாம்புக்கடி பற்றிப் பதினான்கு குறிப்புகள் எழுதி, லேமினேட் செய்து, மாமா வீட்டு மோட்டார் அறைக் கதவில் ஒட்டினேன். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், ஓடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஒன்பதாவது குறிப்பு: "கடித்தது எந்தப் பாம்பு என்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லவும்." பதினான்காவது: "பாம்பைத் தேடிப் போக வேண்டாம்."

பதினான்கு வரை படிக்கிற ஆள் எங்கள் ஊரில் நான்தான் என்பதை எழுதும்போது யோசிக்கவில்லை.

சாட்சிப் பொருட்கள்

ஒன்பதாவது குறிப்பை எல்லா ஊர்க்காரர்களும் எங்கேயோ படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவற்றில் எனக்கு நினைவிருப்பவை: உரச்சாக்கில் பாம்பு. மூன்றடுக்கு டிபன் கேரியரில், நடு அடுக்கில், பாம்பு. தண்ணீர் பாட்டிலுக்குள் எப்படி நுழைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியாத பாம்பு. பாம்புச் சட்டை. பாம்பு புகுந்த வளையின் செல்போன் படம். பாம்பு கிடைக்காத ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். இன்னொருவர், கடித்தது தப்பிவிட்டதால், "இதே மாதிரிதாங்க இருந்துச்சு" என்று வேறொன்றை அடித்துக் கொண்டுவந்தார்.

டாக்டருக்கு இவை எதுவும் தேவையில்லை. இங்கே ஆளைக் கொல்கிற முக்கியமான நான்கு பாம்புகளுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைப் போடுவதா வேண்டாமா என்பதைக் கடிவாய், வீக்கம், கண் இமை, மூச்சு, இந்தக் குழாய் ஆகியவை சொல்லிவிடும். பாம்பைக் கொண்டுவருவதால் ஒரே ஒரு பயன். அதைத் தேடி அடிக்க எவ்வளவு நேரம் வீணானது என்று நாங்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

மாமாவின் கணக்கில் அது நாற்பது நிமிடம்.

அன்று காலை

மண்டிக்குப் போகும் வண்டி வருகிற நாள். மாமா அடுக்கின் அடியில் கைவிட்டு ஒரு கிரேட்டை இழுத்தார். வலது ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. பழுப்பு உடம்பு, அதில் வட்ட வட்டமாகப் புள்ளி. அவ்வளவுதான் கண்ணில் பட்டது. பாம்பு அடுக்குக்குள் போய்விட்டது.

மாமா ஆஸ்பத்திரிக்குப் புறப்படவில்லை. கழியை எடுக்கப் போனார்.

"விரலு வீங்குதுங்க, மொதல்ல கெளம்புங்க" என்று அத்தை கத்தியிருக்கிறார். "வெறுங்கையோட போனா டாக்டரு என்னா கேப்பாரு? ஏம்புள்ள எழுதி ஒட்டியிருக்குது, படிச்சியா?" என்று மாமா திருப்பிக் கத்தியிருக்கிறார். அந்தப் புள்ள நான்தான்.

கிரேட்டுகளைக் கலைத்தார். கல்லைப் புரட்டினார். கடைசியில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், பழுப்பு உடம்பில் புள்ளியோடு ஒரு பாம்பு, யாரையும் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்தது. மூன்று அடி. முப்பத்தொன்று.

விரலைச் சணல் கயிற்றால் கட்டி, பாம்பைத் துணிக்கடைப் பையில் போட்டு, பக்கத்து வீட்டு சேகரின் பைக்கில் ஏறி வந்து சேர்ந்தார். அத்தை வரவில்லை. வண்டி வந்து நிற்கும், தக்காளி ஏற்ற ஆள் வேண்டும், பாம்பைத்தான் அடித்தாயிற்றே.

பை பிரிந்தது

டாக்டர் கயிற்றை அவிழ்க்கச் செய்து, இன்னொரு கையில் மருந்து ஏற்றுவதற்கான ஊசியைச் செருகி வைத்தார். நான் ரத்தம் எடுத்து, குழாயை மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையிலேயே நிறுத்தினேன். பத்து ஐந்து என்று எழுதிக்கொண்டேன். அப்போதுதான் சேகர் வராந்தாவில் பையைக் கவிழ்த்து, விரியன் என்று காட்டினான்.

கூட்டம் சேர்ந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, காலால் வாலைப் புரட்டினார்.

"விரியன்னு யாரு சொன்னது? இது மண்ணுளிங்க. வாலப் பாருங்க, மொட்டையா இருக்குது. தலையும் பெருசா இல்ல. இதுக்கு விசமே கெடையாது."

"மண்ணுளியா? அய்யய்யோ, லச்சக்கணக்குல போற பாம்பாச்சே! அத அடிச்சுக் கொன்னுட்டாரா?" என்று வேறு காரியமாக வந்திருந்த ஒருவர் தலையில் கைவைத்தார். அப்படிப் புரளி கிளப்பிக் கடத்தப்படுகிற மண்ணுளி வேறு வகை. இது அதன் ஏழைச் சொந்தம். இரண்டையும் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்று விளக்கினேன். அவர் தொடர்ந்து துக்கம் அனுசரித்தார்.

சேகர் உள்ளே ஓடி வந்தான். "அண்ணா, ஒண்ணுமில்ல! விசமில்லாத பாம்புதான். வாங்க போலாம், அங்க வண்டி வந்து நிக்கும்."

செய்தி மாமாவின் முகத்தில் இறங்கியதைப் பார்த்தேன். பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு நொடிகூடத் தங்கவில்லை. அதற்குப் பதில் வந்தது அவமானம்.

"மண்ணுளியா என்னிய கடிச்சுது?" என்றார் தாழ்ந்த குரலில். "சேகரு, ஊர்ல சொல்லாத." கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டார். "ஊசியக் கழட்டச் சொல்லு கண்ணு. போறன்."

அவர் விரலைப் பார்த்தேன். கடிபட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு துளைகளிலிருந்தும் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. வீக்கம் மணிக்கட்டை எட்டியிருந்தது. மண்ணுளி கடித்தால் இப்படி ஆகாது. பைக்குள் இருந்தது எதுவாக இருந்தாலும், இவரைக் கடித்தது அதுவல்ல. இப்போது இவரை விட்டால் வழியில் எங்கேயாவது ரத்த வாந்தி எடுப்பார், அல்லது வீட்டுக்குப் போய்ப் படுத்து எழாமல் போவார்.

டாக்டர் சொன்னார். நர்ஸ் அதட்டினார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்களை அடுக்கினேன். மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மருத்துவக் காரணத்துக்காக அவர் அந்தக் கட்டிலில் படுக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

"மாமா, உங்கள கடிச்சது விரியனா இருக்கலாம்" என்றேன்.

கால் நின்றது.

"பையில இருக்கறது மண்ணுளின்னு சொன்னாங்களே?"

"அது நீங்க அடிச்சது. கடிச்சது வேற. ரத்தம் ஒறையலன்னா விரியன் கடிச்சதுன்னு அர்த்தம். டியூப் சொல்லிடும். இன்னும் பத்து நிமிசம்."

"விரியன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"ரிஜிஸ்டர்லயே எழுதுவோம்."

மாமா காலை மேலே தூக்கிப் போட்டுப் படுத்துக்கொண்டார். "சேகரு, அந்தக் கொழாவ யாரும் தொடாம பாத்துக்க."

பத்து பதினைந்து

அவரைப் படுக்க வைப்பதற்காகச் சொன்ன வாக்கியம் அதற்குப் பிறகுதான் எனக்கே முழுதாக உறைத்தது. கடித்தது வேறு என்றால், அது எங்கே?

அத்தைக்குப் போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தார்.

"சொல்லு கண்ணு. மாமா எப்பிடி இருக்காரு?"

"இருக்காரு. நீங்க எங்க இருக்கீங்க?"

"பின்னாடிதான். கிரேட்டு தூக்கறன். வண்டிக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான். ஒரு தோள்ல போன வெச்சிட்டு…"

"கிரேட்ட அங்கயே போடுங்க. போட்டுட்டு வூட்டு முன்னாடி வாங்க."

"போட்டா நசுங்கிடுமே."

"நசுங்கட்டும் அத்தை."

"என்னாத்துக்கு? பாம்பத்தான் உங்க மாமா அடிச்சிட்டாரே."

"அவரு அடிச்சது வேற பாம்பு. கடிச்சது அந்த அடுக்குலதான் இருக்குது."

தொப்பென்று சத்தம் கேட்டது. பிறகு காற்றின் இரைச்சல், ஓட்டம், வண்டிக்காரரை அத்தை திட்டும் குரல். பிறகு மூச்சு வாங்க: "அடி அடுக்குக்கு வந்துட்டன் கண்ணு. இந்த வரிசையில இன்னும் ரெண்டு கிரேட்டு."

"குச்சியால தட்டுனீங்களா?"

"இன்னிக்கு தட்டல" என்றார்.

பாம்பு இருக்கிறது என்று நினைத்த அத்தனை வருடமும் தட்டியிருக்கிறார். பாம்பைக் கொன்றாயிற்று என்று நம்பிய ஒரு நாள் காலையில் வெறும் கையை உள்ளே விட்டிருக்கிறார். அடிப்பதா விடுவதா என்று ஊரில் நடக்கும் சண்டையில் இந்த விஷயத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை. என் பதினான்கு குறிப்புகளிலும் அது இல்லை.

சாய்த்தபோது

பத்து இருபத்தைந்து. டாக்டர் பக்கத்தில் நின்றார். குழாயை எடுத்து மெல்லச் சாய்த்தேன். ரத்தம் வழிந்து விளிம்புக்கு வந்தது. சற்றுமுன் எடுத்தது போலவே சிவப்பாக, நீர்த்து, உறையும் எண்ணமே இல்லாமல்.

"ஒறையலதான?" என்றார் மாமா.

"ஒறையல மாமா."

"பாத்தியா சேகரு? விரியன்!" என்று சிரித்தார். சிரித்தபோது கீழ் ஈறின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. சேகர் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நிமிடமே விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியது. பதிவேட்டில் 'உறையவில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். அந்த ஒரு சொல்லை மட்டும் இன்றைக்கும் யாராலும் படிக்க முடியாது.

மதியத்துக்குள் தருமபுரியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரத்தம் மறுநாளே உறையத் தொடங்கிவிட்டது. சிறுநீரகம் நான்கு நாள் முரண்டு பிடித்தது. அந்த நான்கு நாளும் அத்தை அங்கே வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு முற்பகல் ஊருக்கு வந்து போனார். கிரேட்டுக்காக.

இருபது கழிகள்

வனத்துறைக்குச் சொல்லி, பாம்பு பிடிக்கிறவர் ஒருவர் வந்திருந்தார். அதற்குள் ஊர் திரண்டிருந்தது. ஆளுக்கொரு கழி. பாம்பு பிடிக்கிறவர் நீளக் கொக்கியில் கயிறு மாட்டி, தூர நின்று, கிரேட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசி வரிசையில் ஒன்றை இழுத்ததும் குக்கர் ஆவி விடுவது போல நீண்ட சீறல். எல்லோரும் இரண்டு அடி பின்னால் போனோம். சுருண்டு, தடித்து, முதுகில் கண்ணாடி கண்ணாடியாக வட்டங்கள். இது விரியனா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"அவன் ஆஸ்பத்திரியில கெடக்கறான், இது உசுரோட ஊர்வலம் போவுதா? ஒரே போடு, முடிஞ்சுது" என்றார் ஒருவர்.

"போடுங்கண்ணா" என்றார் அத்தை. "கிட்ட போயி போடுங்க. அவரு பக்கத்துக் கட்டிலு காலியாத்தான் இருக்குது."

இருபது கழிகளில் ஒன்றும் நகரவில்லை. பாம்பு, பிடிக்கிறவர் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பைக்குள் போயிற்று. பென்னாகரம் தாண்டிக் காட்டில் விட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார்கள். அத்தை அடுத்த பஸ்ஸில் தருமபுரிக்குப் போனார்.

ஜோடி

ஒன்பதாம் நாள் மாமா வீடு திரும்பினார். மடங்காத ஒரு விரல், தளர்ந்த கால்சட்டை, மற்றபடி அதே மாமா. வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வி: "அத அடிச்சீங்களா?"

"புடிச்சுக் காட்டுல உட்டுட்டாங்க" என்றார் அத்தை.

மாமா கொதிப்பதற்கு வாயைத் திறந்தார். அத்தை அதற்கு முன்பே தொடர்ந்தார். "ஒண்ணத்தாங்க புடிச்சாங்க. கூட இன்னொன்னு இருந்துச்சு. ஜோடி. அது எங்க பூந்துச்சுன்னு தெரியல."

அங்கே நானும் இருந்தேன். கிரேட்டை இழுத்தபோதும் இருந்தேன். ஒன்றுதான் இருந்தது. ஜோடிப் பாம்பு முகத்தை நினைவு வைத்துப் பழிவாங்கும் என்று ஊரில் யாராவது சொன்னால் முதல் ஆளாகச் சிரிக்கிறவர் அத்தை.

மாமா கிரேட்டு அடுக்கைப் பார்த்தார். பிறகு மடங்காத விரலைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீ படிச்சவ. சொல்லு கண்ணு. ஜோடி இருக்குமா?"

எனக்குத் தெரிந்த உண்மைகள் மூன்று. பாம்புகள் குடும்பம் நடத்துவதில்லை. அவை யார் முகத்தையும் நினைவு வைப்பதில்லை. எலி இருக்கும்வரை அடுத்தது வராது என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தை என்னைப் பார்க்காமல் மாமாவின் பையிலிருந்து துணிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம் மாமா" என்றேன்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே பின்பக்கம் வந்தேன். மாமா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கிரேட்டு அடுக்குக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தார். கழியை நீட்டி அடியிலிருந்த கிரேட்டை இரண்டு முறை தட்டினார். நின்றார். மறுபடியும் தட்டினார். பிறகு, சம்பந்தி வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"கொஞ்சம் நவுந்துக்கிங்க. கிரேட்டு எடுக்கணும்."

காலி அடுக்கிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாமா கையை நீட்டாமல் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.